குரூப்பும் குதிரையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் குரூப் நோய் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘குதிரையின் பின்புறத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லே இந்நோய்க்குப் பெயராயிற்று’ என்று அதில் ஒரு வரி. போதாததற்குப் பக்கத்திலேயே ஒரு குதிரைப் படம்.

என் அப்பா நம் மொரீஷியஸின் ஷாம் த மார்ஸ் பந்தயக் குதிரைகளின் லாயத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். 1812 முதல் குதிரை ஓடுகிற இடம் அது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குதிரையின் குரூப் எது என்று எனக்குப் பள்ளிக்கூடம் போகுமுன்பே தெரியும். முதுகு முடிகிற இடத்திலிருந்து வால் வரைக்கும் உள்ள மேடு. அதைத் தடவிப் பார்த்தே எது ஜெயிக்கும் என்று அப்பா சொல்வார். பெரும்பாலும் தோற்கும், அது வேறு கதை. சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடுகிற குரூப்பியேகூட அந்தக் குதிரையிலிருந்து இறங்கியவர்தான். குதிரையில் பின்னால் தொற்றிக்கொண்டு போகிறவருக்கு இருந்த பெயர், பிறகு சூதாடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று உதவுகிறவருக்கு வந்தது. ஆனால் குழந்தையின் இருமலுக்கும் இந்தக் குதிரைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

நோயின் பெயர் ஸ்காட்லாந்துப் பேச்சுவழக்கு. குரல் கம்மிக் கத்துவதை அங்கே அப்படிச் சொல்வார்கள். எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் 1765இல் எழுதிய நூல்தான் அதை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது. பிரெஞ்சுக்காரர்களே ஆங்கிலத்திடம் கடன் வாங்கிய சொல் இது. 1807இல் தம்பி மகன் நாலு வயதில் இறந்துபோக, இந்நோயைப் பற்றிச் சிறந்த ஆய்வு எழுதுகிறவருக்கு நெப்போலியன் பரிசு அறிவித்தார். நம் தீவு அப்போது அவர் கையில்தான் இருந்தது. தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவையும் அந்நாளில் இதே பெயரில் சேர்த்தே பேசினார்கள். பிரெஞ்சு மருத்துவர் பிரெத்தொன்னோ 1826இல் அதற்குத் தனிப்பெயர் வைத்தார். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அச்சுக்குப் போகுமுன் படித்துப் பார்க்க நேரமிருந்திருக்காது.

போன தைப்பூசத்துக்கு நான் எழுதிய கடிதத்தையும் நாலு வரியாக வெட்டினீர்கள். மிஞ்சிய நாலு வரியில் முருகனின் வேல் ‘வேள்’ ஆகிவிட்டது. பொறுத்துக்கொண்டேன். 1998இல் நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது கொதித்துப்போனவர்களில் நானும் ஒருவன். அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். மத்திய வங்கி கேட்ட பேச்சைத் தமிழ்ப் பத்திரிகை கேட்காதா?

2009 ஜூலை, கியூர்ப்பிப் குளிர். இரண்டு வயதுப் பேத்திக்கு நடுராத்திரியில் நாய் குரைக்கிற மாதிரி இருமல். மூச்சை உள்ளே இழுக்கும்போது கீச்சென்று சத்தம். முதலில் போன இடத்தில் வெறும் சளி என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்து மருத்துவர் பார்த்ததுமே ‘குரூப்’ என்றார். என் மனைவி பதறிப்போய், ‘ஓ பாசிட்டிவ் டாக்டர்’ என்றாள். ஒரே ஒரு வேளை டெக்சாமெத்தசோன், காலையில் பிள்ளை பால் கேட்டது. வைரஸ் தொற்றால் குரல் நாண்களுக்குக் கீழே வீங்குவதுதான் இது என்று அவர்தான் விளக்கினார். இழுப்புச் சத்தம் கேட்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள் என்ற ஒரு வரிக்கு உங்கள் கட்டுரையில் இடமில்லை. குதிரைக்கு இருந்தது!

கேட்பது பெரிதல்ல. அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம். இனி எழுதும்போது பக்கத்தில் ‘குரைப்பிருமல்’ என்று ஒரு தமிழ்ச் சொல்லும் போடுங்கள், ரத்த குரூப்போடு குழம்பாமல் இருக்கும். ‘குரை’ என்பதிலிருந்துதான் குரூப்பே பிறந்தது என்று நம்மவர் யாராவது கட்டாயம் எழுதி அனுப்புவார். தயவுசெய்து அதைப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில்