வேலு நாச்சியாருக்குச் சேலை கொடுத்தவர்களுக்கு

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் வேலு நாச்சியார் நாடகம் போட உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

நாடகம் முடிந்ததும் பலர் வந்து கேட்டது, "டிரெஸ் எங்கே வாடகைக்கு எடுத்தீர்கள்?" என்றுதான். எங்கேயும் எடுக்கவில்லை. வாடகைக் கடையில் ராணி என்றால் வெல்வெட்டும் ஜிகினாவும் அட்டைக் கிரீடமும்தான். எங்கள் நாச்சியார் சிவகங்கைச் சீமைப் பெண்ணாகத் தெரிய வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். அதற்கு நீங்கள்தான் கைகொடுத்தீர்கள்.

முதல் நன்றி காரைக்குடி ஆச்சிக்கு. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த கண்டாங்கிச் சேலைகளை, "பிள்ளைக கட்டட்டும்" என்று எடுத்துக் கொடுத்தார்கள். கட்டம் போட்ட அந்த அகலக் கரைச் சேலையைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிவிட்டதும் அவர்களே. கட்டியவுடன் நாச்சியாராக நடித்த மாணவியின் நடையே மாறிவிட்டது. ஒத்திகையில் எவ்வளவோ சொல்லியும் வராத நிமிர்வு அது.

1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, நாச்சியார் திண்டுக்கல் பக்கம் உள்ள விருப்பாச்சியில் தங்கியிருந்த காட்சிகள் வருகின்றன அல்லவா? அவற்றுக்குத் திண்டுக்கல் பக்கத்துச் சேலைதான் பொருந்தும் என்று சின்னாளபட்டிச் சுங்குடிகளைத் தேடித் தந்த அம்மாக்களுக்கும் நன்றி.

தையற்கடை அண்ணன் கடை வேலையை ஒதுக்கிவிட்டு, கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனி) சிப்பாய்களுக்குச் சிவப்புக் காடாத் துணியில் கோட்டுத் தைத்தார். மார்பின் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டைக்குக் கட்டில் நாடா போதும் என்றது அவர் யோசனை. நாச்சியார் உடை மாற்றக் கிடைத்ததோ ஒரு பாட்டு நேரம். வெல்க்ரோ வைக்கலாமா என்று கேட்டோம். "இருட்டில் பிரிக்கும்போது சர்ரென்று கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்" என்று சொல்லி, கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்துக் கொக்கி வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் நாச்சியார் படையின் வீராங்கனை குயிலி. உடலில் தீ வைத்துக்கொண்டு கும்பினியின் ஆயுதக் கிடங்கில் பாய்ந்ததாகச் சொல்லப்படும் அவளை மேடையில் எப்படிக் காட்டுவது? நெருப்பே கூடாது என்று தலைமையாசிரியர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அது சரியான முடிவு. அண்ணன் கடையில் மிஞ்சிய ரவிக்கைத் துண்டுகளில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மட்டும் பொறுக்கி, நீள நீளமாகக் கிழித்து, சேலையின் உள்பக்கம் மடித்துத் தைத்தார்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள். ஒரே ஒரு நூலை இழுத்துவிட்டுக் குயிலி சுழன்றபோது அத்தனையும் வெளியே பறந்தன. கீழிருந்து விளக்கு அடித்ததும் முன்வரிசைச் சின்னப் பிள்ளைகள் எழுந்தே விட்டார்கள். என்னைக் கேட்டால் நாடகத்திலேயே சிறந்த உடை அதுதான். கண்மணிகளே, உங்கள் கைக்கு என் நன்றி.

அரிதாரம் பூசி, டோப்பா வைத்துவிட்டு, எட்டு முழ வேட்டியில் தலைப்பாகை சுற்றக் கற்றுக்கொடுத்த ஸ்பெஷல் நாடக ராஜபார்ட் ஐயா பணம் வாங்க மறுத்துவிட்டார். சண்டைக் காட்சியில் மருது சகோதரர்களின் தலைப்பாகை கொஞ்சமும் அவிழவில்லை, ஐயா.

சேலைகளைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்திருக்கிறோம். ஆச்சியின் கண்டாங்கிகளை நாங்களே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். மற்றவர்கள் பள்ளித் தையல் அறையில் வாங்கிக்கொள்ளலாம். சிவப்புக் கோட்டுகள் இங்கேயே இருக்கும். பக்கத்துப் பள்ளிகளுக்கு வேண்டுமென்றால் தயங்காமல் கேளுங்கள்.

அன்புடன்,
நாடகக் குழு உடைப் பொறுப்பாசிரியை