ஷெவ்ரெட் ஷெவ்ரெட்டாகவே இருக்கட்டும்

அன்பு மதிக்கு,

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பெரியவர்களின் பிரெஞ்சைப் பதிவுசெய்யப் போவதாக எழுதியிருந்தாய். அங்கே ஆங்கிலத்துக்கு மட்டுமல்ல, பாரிஸ் பிரெஞ்சுக்கும் நீ பயப்பட வேண்டும்.

1921-இல் அம்மாநில அரசியலமைப்பு ஆங்கிலத்தையே பள்ளிமொழி ஆக்கியது. பிரெஞ்சு பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. 1968-இல் பிரெஞ்சை வளர்க்க அம்மாநிலம் தொடங்கிய கோடோஃபில் அமைப்பு வந்து பிரெஞ்சு பள்ளிக்குத் திரும்பியபோது, வெளிநாட்டு ஆசிரியர்களோடு வந்தது புத்தகப் பிரெஞ்சு. அதனால்தான் பெரியவர்கள் பலர் "எங்களுடையது நல்ல பிரெஞ்சு இல்லை" என்று கூசுவார்கள். "இதற்குப் பிரெஞ்சில் என்ன?" என்று கேட்டால் புத்தகச் சொல்லைத் தேடுவார்கள். இறால் வேகவைப்பதை விவரிக்கச் சொல். அங்கத்திய சொல்லான ஷெவ்ரெட் தானே வந்து விழும். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளோ அதைப் பாரிஸின் க்ரெவெட்டாகத் திருத்திவிடக்கூடும். நம் ஊரில் "வூடு" என்பதை "வீடு" என்று திருத்துகிற அதே கை! சொன்னபடி ஒரு வரி, பொதுப் பிரெஞ்சில் ஒரு வரி என்று இரண்டையும் எழுது.

பதிவின் விவரக்குறிப்பில் மொழிக் குறியீடாக, பொதுப் பிரெஞ்சைக் குறிக்கும் வெறும் 'எஃப்ஆர்' போடாதே. லூசியானா பிரெஞ்சுக்கு 'எஃப்ஆர்சி', கூரி-வினி என்னும் கிரியோலுக்கு (பிரெஞ்சை அடியாகக் கொண்டு அங்கே பிறந்த தனி மொழி) 'எல்ஓயு'. தவறாகப் போட்டால் தேடுபவர் கண்ணில் படவே படாது. பேசுபவர் தம் மொழியை என்னவென்று சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்.

டபிள்யூஏவி கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மோனோவில் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். வாட்ஸ்அப் குரல்பதிவு வேண்டாம், அது ச, ஃப ஒலிகளைத் தின்றுவிடும். மைக் வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில். பதிவுக்கருவியின் ஒலி அளவுகாட்டியில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியை முழுதாகச் சரிசெய்ய வழியில்லை. ஏசியும் ஃப்ரிட்ஜும் இரைவதைக் காது பழகிவிடும், மைக் பழகாது. அணைத்துவிட்டு, வெற்று அறையின் ஒலியை 30 விநாடி எடு. (ஃப்ரிட்ஜைத் திரும்பப் போட மறக்காதே.)

கோப்புப் பெயரில் பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகள் (தலையில் கோடு போட்டவை) வேண்டாம். மேற்குறியுள்ள 'e' எழுத்தை, கணினி எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருவிதமாகச் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது.

சம்மதம் காப்பகத்துக்குத் தனி, இணையத்துக்குத் தனி. முதலாவதற்குத் தலையாட்டியவர் இரண்டாவதற்கு மறுக்கலாம்.

ஒரு பிரதியை அந்த வீட்டாருக்கே பென்டிரைவில் கொடு. அதற்கு எம்பி3 போதும், காரில் போட்டுக் கேட்பார்கள்.

அம்மா