மாயாவியின் வலது கை

அன்புள்ள மாயாவிக்கு,

நாளையோ மறுநாளோ கூரியரில் ஓர் அட்டை உருளை உன் வீட்டுக்கு வரும். உன் ஐம்பதாவது பிறந்தநாளுக்காக நான் வரைந்த படம் அதில் இருக்கிறது. பிரிப்பதற்கு முன் இதைப் படித்துவிடு. ஊரறிய எழுதுகிறானே என்று கோபித்துக்கொள்ளாதே. 1987-இல் நம் ஆறாம் வகுப்பு மொத்தமும் கூடி என்னை ஓவியன் என்று மெச்சியது. மெச்சியது பத்துப் பேர் முன்னால் என்றால், ஒப்புக்கொள்வதும் பத்துப் பேர் முன்னால்தானே நடக்க வேண்டும்.

உன் மாமா கொடுத்த ‘இரும்புக்கை மாயாவி’ புத்தகம் நினைவிருக்கிறதா? கேட்பதே தப்பு. 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்தது. நம்மைவிட நாலு வயது மூத்த புத்தகம். சாணித்தாள் பழுத்துப்போய், பின் துருப்பிடித்து, ஓரமெல்லாம் பொடிப்பொடியாக உதிரும். நீ அதற்கு நாளிதழில் அட்டை போட்டு, டிரங்குப் பெட்டியில் உன் தீபாவளிச் சட்டைக்கு அடியில் வைத்திருந்தாய். ஒரே ஒரு ராத்திரிக்கு என்று கெஞ்சி வாங்கிப் போனவன் நான். மறுநாள் பஸ்ஸில் தவறவிட்டுவிட்டேன் என்று வந்து நின்றேன். நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நாலு கண்டக்டர்களிடம் விசாரித்தாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

புத்தகம் எந்த பஸ்ஸிலும் போகவில்லை. என் வீட்டில் இருந்தது.

அடுத்த மாதம் உன் பிறந்தநாள். கொடுப்பதற்குக் காசு இல்லை. ஒரு மாயாவிப் படம் வரைந்து கொடுக்கலாம் என்று அந்த ராத்திரியே தோன்றியது. வரைய வரவில்லை. அப்பாவின் கணக்கு நோட்டிலிருந்து கார்பன் தாளை உருவி, உன் புத்தகத்தின் பக்கத்துக்கு அடியில் வைத்து, இரும்புக் கையின் மேல் பென்சிலை அழுத்தி ஓட்டினேன். பழைய தாள் அழுத்தம் தாங்குமா? சுண்டுவிரல் ஓரத்தில் தொடங்கிய கிழிசல் மணிக்கட்டு வரை ஓடியது. அந்தப் பக்கத்தைக் காட்டப் பயந்துதான் பஸ் கதையைக் கட்டினேன். பரண்மேல் ஒளித்துவைத்தது அந்தப் பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது.

அந்தக் கார்பன் படத்தைத்தான் உனக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தேன். நீ அதைச் சோற்றுப் பசை தடவி அலமாரிக் கதவில் ஒட்டினாய். “என் புத்தகத்தில் இருந்த மாதிரியே இருக்கிறதடா” என்று எல்லோரிடமும் சொன்னாய். இல்லாமல் எங்கே போகும்?

இதைப் படிக்கும் சின்னப் பிள்ளைகளுக்காக நடுவில் நாலு வரி. இரும்புக்கை மாயாவி நம் ஊர்க்காரன் இல்லை. 1962-இல் லண்டனில் தொடங்கிய வேலியண்ட் என்ற வார இதழில் பிறந்தவன். பெயர் லூயிஸ் கிராண்டேல். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழந்து, அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவான். கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். முதலில் அவனை வரைந்தவர் ஜீசஸ் பிளாஸ்கோ என்ற பார்சிலோனாக்காரர். லண்டனுக்கு ஸ்பெயின்காரர் வரைந்த ஆளைச் சிவகாசியில் அச்சடித்து நாம் நம்ம ஆள் ஆக்கிக்கொண்டோம்.

உனக்கு அந்தப் பெயர் வந்த கதையை நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? பள்ளிச் சுவரிலிருந்து குதித்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, முழங்கை வரை மாவுக்கட்டோடு வந்தாய். இரண்டாம் நாளே சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்களைப் பொறுக்கி அதன்மேல் ஒட்டிக்கொண்டு இரும்புக்கை என்றாய். அதோடு விட்டாயா? கரண்ட் பாய்ந்தால் மறைகிறேனா பார் என்று திண்ணை மீட்டர் பெட்டிப் பக்கம் போனாய். ஆச்சி மட்டும் விளக்குமாற்றோடு பாய்ந்து வராவிட்டால் நீ மறைந்துதான் போயிருப்பாய். அடி என்னவோ எனக்கும் சேர்த்து விழுந்தது.

சரி, படத்துக்கு வருகிறேன். இந்த முறை கார்பன் இல்லை, செல்போனில் எடுத்துக் கண்ணாடியில் வைத்துத் தடம் பிடிப்பதும் இல்லை என்று சபதம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் முழு ஆளையும் வரையத்தான் பார்த்தேன். சாதாரண மனிதனுடைய உயரம் அவன் தலையைப் போல ஏழரை மடங்கு இருக்கும். சாகச வீரனுக்கு எட்டு, எட்டரை என்று இழுத்துக்கொள்வார்கள். தலை சின்னதாகி, தோள் அகன்று, ஆள் மலை மாதிரி தெரிவான். நானும் எட்டரை வைத்தேன். வந்தது மாயாவி இல்லை, ஐயனார் கோவில் வாசல் பூதம். இன்னும் மூன்று தாள்கள் குப்பைக்குப் போயின.

அப்புறம்தான் உறைத்தது. மறைந்து நிற்கும் ஆளுக்கு முகம் எதற்கு, தோள் எதற்கு? கை ஒன்று போதுமே. வேலை சுலபமாகிவிட்டது என்று எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். ஓவியம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். வரைவதிலேயே கடினமானது கைதான். இருபத்தேழு எலும்பு. ஒரு விரலை மடக்கினால் பக்கத்து விரலும் கொஞ்சம் மடங்கும். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் கையைச் சின்னதாகத்தான் போடுவார்கள், நானும் போட்டேன். உன் வலது கையை முகத்தின்மேல் வைத்துப் பார். மணிக்கட்டு தாடையில் இருந்தால் நடுவிரல் நுனி நெற்றி மயிர் தொடங்கும் இடத்தைத் தொடும். முகமும் கையும் ஒரே நீளம். நம் சிற்பிகள் தாளம் என்று சொல்லும் அளவு இந்த நீளம்தான். சாமி சிலைகளையே அதை வைத்துத்தான் அளக்கிறார்கள். ஐம்பது வருடமாக முகத்தைக் கையால் கழுவுகிறவனுக்கு இது தெரியவில்லை பார்.

யாருடைய கையைப் பார்த்து வரைவது? என் கை சரிப்படவில்லை, நகம் கடித்த கை. உன் வீட்டில் தங்கச்சிக்கு போன் போட்டு, உன் கையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். “எதற்கு அண்ணா கை மட்டும்?” என்று இரண்டு முறை கேட்டது, சொல்லவில்லை. நீ டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேப்பர் படிக்கும் படம் வந்தது. அதில் உன் மணிக்கட்டைப் பார்த்தேன். மாவுக்கட்டு பிரித்தபோது எலும்பு கொஞ்சம் கோணிச் சேர்ந்ததே, அந்தப் புடைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கட்டைவிரல் டம்ளரைத் தொடாமல் விலகி நிற்பதும் அதனால்தான் போல.

அந்தக் கையைத்தான் இரும்பாக்கியிருக்கிறேன். இரும்பு வரைவதில் ஒரு சூட்சுமம் உண்டு. தோலுக்குப் போடுவது போல நிழலை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டு போகக் கூடாது. கன்னங்கரேல் என்று ஒரு பட்டை, அதை ஒட்டியே மை படாத வெறும் தாள். அந்த வெள்ளைதான் பளபளப்பு. ஒரு துளி மை தெறித்தாலும் பளபளப்பு போச்சு. நடுவிரலில் அப்படித் தெறித்துவிட்டது. துரு என்று வைத்துக்கொள். மணிக்கட்டுப் புடைப்பில் மட்டும் மூன்று இரவுகள் போயின. இரும்புக்கு எலும்புப் புடைப்பு எப்படி வரும் என்று நீ கேட்பாய். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கை டீ டம்ளரைப் பிடித்திருக்கிறது. பிளாஸ்கோவின் மாயாவி டீ குடித்ததாக எனக்கு நினைவில்லை. மற்றபடி தாள் காலி. “ஆள் எங்கேடா?” என்று உன் பிள்ளைகள் கேட்டால், வகுப்பிலிருந்து நீ பின்வாசல் வழியாக மறைந்துபோகிற கதையைச் சொல்.

சட்டம் போடக் கொடுக்கும்போது கண்ணாடி மையை ஒட்டாதபடி நடுவில் அட்டை வைக்கச் சொல். வெயில் படும் சுவர் வேண்டாம். ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்திலும் வேண்டாம். ஓடிவர ஆச்சி இல்லை. மாட்டுவதற்கு முன் ஒரு காரியம் செய். தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார். பென்சிலை அழுத்தி ஓட்டியிருந்தால் அங்கே தழும்பு மாதிரி மேடு தட்டும். கையின் விளிம்பு முழுக்கத் தடவு, சுண்டுவிரலை விட்டுவிடாதே. ஏதாவது தட்டுப்பட்டால் போன் செய்.

இப்படிக்கு,
புத்தகத் திருடன்