பீட்டர் லோரே இயக்கிய ஒரே படம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மன் குற்றப் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஃபிரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) படத்தை அவ்வளவு விரிவாக எழுதியது தகும். ஆனால் அதில் கொலைகாரனாக நடித்த பீட்டர் லோரே பிறகு என்ன ஆனார் என்பதைத் தொடாமலே கட்டுரை முடிந்துவிட்டது. யூதரான அவர் 1933இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேறி, பின்னர் அமெரிக்காவில் வாழ்ந்தார். போருக்குப் பின் திரும்பி வந்து, 1951இல் ‘டெர் ஃபெர்லோரெனெ’ என்ற படத்தை இயக்கி, தானே நடிக்கவும் செய்தார். ‘தொலைந்தவன்’ என்று பொருள்.

1943, ஹாம்பர்க். ஆராய்ச்சி மருத்துவர் ரோதெயின் (லோரே) குறிப்புகளை, அவர் மணக்கவிருந்த பெண்ணே எதிரி நாட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்கிறார்கள். ரோதெ அவளைக் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறார். இனி போலீஸ் வரும் என்றுதானே நினைப்போம்? யாரும் வருவதில்லை. அவருடைய ஆராய்ச்சி அரசுக்கு வேண்டும். அதனால் உளவுத்துறை ஆட்களே அதைத் தற்கொலையாக்கிவிட்டு, அவரைத் திரும்ப வேலை பார்க்க வைக்கிறார்கள். ‘எம்’ படத்தில் போலீஸ், திருடர்கள், பிச்சைக்காரர்கள் என்று ஊரே திரண்டு ஒருவனைத் தேடியது. இங்கே தன்னைத் தண்டிக்க மாட்டார்களா என்று தவிக்கும் கொலைகாரனைத் தேட ஒருவரும் இல்லை. இருபது ஆண்டு மூப்போடு அதே முகம். இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதற்காகத்தான்.

மாடிப்படியில் ஒரு பெண் அவர் கண்களைப் பார்த்த மாத்திரத்தில் விஷயம் புரிந்து அலறுவாள். கையில் ஆயுதம் இல்லை, ஓங்கிய குரல்கூட இல்லை. சிகரெட்டும் அந்த முகமும் மட்டும்தான். கதை முழுவதும் போர் முடிந்தபின், அகதி முகாமின் உணவுக்கூடத்தில், ஒரே இரவில் சொல்லப்படுகிறது. கேட்டுக்கொண்டிருப்பவன், அன்று கொலையை மறைத்த அதே உளவாளி. இருவருமே இப்போது பொய்ப் பெயரில் வாழ்கிறார்கள். பின்பாதியில் வரும் சதித்திட்டக் கிளைக்கதை கொஞ்சம் குழப்புகிறது, உண்மைதான். அந்த உணவுக்கூடத்துக்குத் திரும்பியதும் படம் மறுபடி இறுகிவிடும்.

போர் முடிந்து ஆறே ஆண்டுகள். ஜெர்மனியில் படம் ஓடவில்லை. லோரே அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். 1964இல் இறக்கும்வரை வேறு படம் இயக்கவே இல்லை.

கட்டுரையாளர் இந்தப் படத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ரயில் தண்டவாளத்தில் முடியும் அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் விவரிக்காமல் விட்டுவிடட்டும்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர்