கிணற்றுக்கு ஒரு கைப்பிடிச்சுவர்

அணைக்கட்டு,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

நாலு மாசமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி எல்லோரும் நலம். நீ கேட்ட இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் அடுத்த வாரம் வரும். விஷயம் வேறு.

நம்ம தோப்புக் கிணற்றில் ஒரு பையன் அடிபட்டுவிட்டான். மேலத்தெருக்காரன், மூன்றாம் வகுப்பு. தண்ணீர் மேலே ஏறியதிலிருந்து ஒரு கும்பலே லாரி டியூபோடு வந்துவிடுகிறது. இவன் மோட்டார் கொட்டகைத் திட்டிலிருந்து குதித்து, படிக்கல்லில் மோதிக்கொண்டான். நான் ஓடிப் பார்த்தபோது முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. அழவில்லை. "அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா" என்றான். தாத்தாவாம்! அவன் பாட்டி புத்தூர் கட்டுத்தான் என்று நின்றாள், ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனேன். மாவுக்கட்டு.

ராத்திரி நம்ம வக்கீலுக்குப் போன் போட்டேன். "என் நிலம், போர்டு இருக்கிறது, வருஷக்கணக்காக விரட்டியும் இருக்கிறேன்" என்றேன். "அதைக் கோர்ட்டில் சொல்லிவைக்காதே. பசங்க வருவது உனக்குத் தெரியும் என்பதற்கு நீ விரட்டினதே சாட்சி" என்றான். அமெரிக்காவில் 1873-லேயே இப்படி ஒரு வழக்காம். ரயில் எஞ்சினைத் திருப்பும் மேடையில் விளையாடிய ஆறு வயதுப் பையனுக்குக் கால் நசுங்கியது. எங்கள் இடத்தில் அவனுக்கு என்ன வேலை என்று கேட்ட கம்பெனி தோற்றது. அங்கேயும் ஓர் ஊழியர் பிள்ளைகளை முன்பே விரட்டியிருந்தார்!

நமக்கு அந்தத் தீர்ப்பு சட்டமில்லை. இங்கே பொதுவான அலட்சியக் கணக்குதான். ஆனால் காயத்துக்கு நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோ.வுக்குப் பதில் வந்த சட்டம்) 125-ம் பிரிவு, உயிர் போனால் 106 என்று அவன் அடுக்க அடுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. 2019-ல் மணப்பாறைப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாலு நாள் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோமே. கைவிட்ட போர்வெல்லை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே, 2010-ல், சொல்லியாயிற்று. என் கிணற்றைச் சுற்றி ஒரு முழச் சுவர்கூடக் கிடையாது, சேகர்.

பக்கத்து நிலத்துக்காரர் கரண்ட் வேலி போடு என்றார். சொன்னதும் வக்கீல் கத்தின கத்தலில் காது அடைத்துவிட்டது.

கவுண்டர் கிணற்றில் நாம் ஆடின ஆட்டம் ஞாபகமிருக்கிறதா? உன் டவுசரை அவர் எடுத்துக்கொண்டு போனாரே! அவருக்கு நம்மேல் கோபம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பயந்திருக்கிறார், மனுஷன்.

பையனின் அப்பா வந்தார். பணம் கேட்பார் என்று இருந்தேன், "மன்னிச்சுக்குங்க" என்றார். அதற்குப் பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். மூணரை அடிச் சுவர், மேலே கம்பிவலை. படிக்குப் பூட்டுப் போட்ட கதவு.

நேற்று நூல் பிடித்தோம். மாவுக்கட்டோடு அவனும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான்: "தாத்தா, சுவர் கட்டினப்புறம் அதுமேல ஏறிக் குதிக்கலாமா?"

உன்
பாபு