போன் எடுக்காததற்குக் காரணம்

அன்புள்ள முருகேசு,

மூன்று தடவை போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. கோபமெல்லாம் இல்லை. பேசினால் உனக்குப் புரியாதோ என்று ஒரு பயம், புரியாமலே 'சரி சரி' என்று சொல்லி வைத்துவிடுவாயோ என்று அதைவிடப் பெரிய பயம். அதனால்தான் கடிதம்.

நாக்கின் இடது ஓரத்தில் புண் ஆறவே மாட்டேன் என்கிறது என்று போன வருடம் சொன்னேன் இல்லையா, பல் உரசுகிறது என்று நானே முடிவு செய்து இரண்டு மாதம் விட்டுவிட்டேன். கடைசியில் அது நாக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஜனவரியில் ஆபரேஷன். நாக்கில் கிட்டத்தட்டப் பாதியையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து தோலும் ரத்தக்குழாயுமாக ஒரு துண்டை வெட்டி அந்த இடத்தில் வைத்துத் தைத்து, குழாயைக் கழுத்து ரத்தக்குழாயோடு இணைத்தார்கள். அப்புறம் வாரம் ஐந்து நாள் வீதம் ஆறு வாரம், 30 தடவை கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை. புதுச் சதைக்கு ருசி தெரியாது, அது தானாக அசையவும் செய்யாது. மிச்ச நாக்கு அண்ணத்தை எட்டுவதற்கு ஒரு தாங்கல் மாதிரி, அவ்வளவுதான்.

நீயும் நானும் இத்தனை வருடம் எட்டாம் வகுப்புக்கு எழுத்துகளின் பிறப்பு நடத்தினோமே, ட ண வுக்கு நுனிநா, ல ள வுக்கு நாவிளிம்பு என்று நன்னூல் சொல்வதை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டு போனேன். இப்போது ஒவ்வொரு எழுத்தும் எங்கே பிறக்கிறது என்று என் வாயே எனக்குக் காட்டுகிறது. ப, ம உதட்டில் பிறப்பதால் சாப்பாட்டுக்கான மூக்குக் குழாய் இருக்கும்போதே வந்துவிட்டன. நாக்கின் அடிப்பகுதி தப்பியதால் க வும் மோசமில்லை. ழ போய்விடும் என்றுதான் அழுதேன், ஆனால் நாக்கு அழுத்தாமல் வருடினாலே போதும் என்பதால் அது ஓரளவு திரும்பிவிட்டது. படுத்துவது ட வும் ண வும்தான். நுனி மேலே வளைந்து நன்றாக ஒட்ட வேண்டும், எனக்கு ஒட்டுவதில்லை, காற்று கசிகிறது. பஸ்ஸில் 'திண்டுக்கல்' கேட்டால் கண்டக்டர் மூன்று முறை 'எங்க?' என்கிறார். கடைசியில் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். மளிகைக் கடையில் ஒருவர் எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்திக் கத்திப் பேசினார், அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் பெண் ரொம்பப் பொறுமைசாலி. கண்ணாடி முன் உட்கார்ந்து தினமும் அரை மணி நேரம், செய்தித்தாளை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிக்கச் சொல்கிறார். வேகத்தைக் குறைத்தாலே பாதி தெளிவு வந்துவிடுகிறது, இது நிஜம். கரண்ட் வைத்ததில் தாடை இறுகி வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது, அதற்கு ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுகிறேன்.

சாப்பாடு குழைந்த ரசஞ்சாதம், காரம் கிடையாது. இடது கன்னத்தில் சோறு தங்கிவிடும், விரலால் தள்ள வேண்டும், மோவாயைத் தாழ்த்தித்தான் விழுங்க வேண்டும். எச்சில் சுரப்பது குறைந்துவிட்டதால் எங்கே போனாலும் தண்ணீர் பாட்டில். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார இன்னும் மனம் வரவில்லை.

உன் வெற்றிலைப் பெட்டியைப் பற்றி ஒன்று. புகையிலை போடுவதில்லையே என்பாய். வெறும் பாக்கே புற்றுநோய் கொண்டுவரும் என்கிறார்கள். விட்டுவிடு முருகேசு, கெஞ்சிக் கேட்கிறேன்.

சரி, இந்த ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கூப்பிடு. சாயங்காலம் என்றால் நாக்கு களைத்துப் பேச்சு குழறும். நான் ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் நீ எடுத்துக் கொடுக்காதே, நானே முடிக்கிறேன். புரியாவிட்டால் திரும்பச் சொல்லச் சொல். வீடியோவில் வந்தால் இன்னும் நல்லது, உதட்டைப் பார்த்தும் கொஞ்சம் பிடித்துக்கொள்வாய்.

அன்புடன்,
சண்முகம்