முன்பணம் வாங்குமுன் ஒரு தாள்

டர்பன்

அன்பு மகளுக்கு,

உன் ஓவியங்களின் உரிமை, பிரதி, விலை பற்றிப் போனில் நீ கேட்டதற்கு அவசரமாகச் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன்.

நீ வரைந்த சந்தைப் படத்தை வாங்குகிறவர், "விலை கொடுக்கிறேனே, அதை வாழ்த்து அட்டையாக அடித்துக்கொள்ளலாமா?" என்று கேட்டாராம். உன் அனுமதி இல்லாமல் முடியாது. அவர் வாங்குவது துணியையும் சாயத்தையும்தான். சுவரில் மாட்டலாம், வேறொருவருக்கு விற்கலாம். படியெடுக்கும் உரிமை, அதாவது பதிப்புரிமை, உன்னிடமே நிற்கும். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கைமாற வேண்டுமானால் உன் கையெழுத்தோடு எழுத்தில் மாற வேண்டும். எங்கேயும் போய்ப் பதிவு செய்யத் தேவையில்லை. வரைந்ததுமே உரிமை வந்துவிடும், உன் ஆயுளுக்குப் பிறகும் 50 ஆண்டு இருக்கும். அட்டைதான் வேண்டுமென்றால் எத்தனை பிரதி, எந்த அளவு, எவ்வளவு காலம் என்று எழுதிக்கொடு. அதற்குத் தனிக் காசு வாங்கு.

ஜோகன்னஸ்பர்க் குடும்பம் கேட்கிற உருவப்படம்தான் எனக்குக் கவலை. காசுக்கு ஒப்புக்கொண்டு வரையும் உருவப்படத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவருக்கே போகும். அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கடற்கரையையோ மாமரத்தையோ வரையச் சொன்னால் இந்தத் தொல்லை இல்லை. அதனால் முன்பணம் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில், "பதிப்புரிமை ஓவியருக்கே, வாங்குபவர் வீட்டில் மாட்டவும் குடும்பத்துக்குள் பகிரவும் அனுமதி உண்டு" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். படம் முடிந்தபின் கேட்டால் முகம் சுளிப்பார்கள். உரிமை உன்னிடம் இருந்தாலும், கண்காட்சியில் வைக்குமுன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேள். அவர்கள் முகம் அது.

தைப்பூசக் காவடிப் படத்துக்கு இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்து வரைவதாகச் சொன்னாய். வேண்டாம். அது எடுத்தவருடையது. "முப்பது சதவீதம் மாற்றினால் போதும்" என்று ஓவியர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு, சட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. முருகன் யாருக்கும் சொந்தமில்லை, காலண்டரில் ஒருவர் தீட்டிய முருகன் அவருக்குச் சொந்தம். ரவி வர்மா 1906-இல் போய்விட்டார், அவர் ஓவியங்களை யாரும் தொடலாம். காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு மறைந்தது 1976-இல். இங்கே 50 ஆண்டுக் கணக்கு 2026 முடிவில்தான் தீரும். இந்தியாவில் 60 ஆண்டு, ஆகவே 2036 முடிவு வரை.

இனி, நீ அச்சடித்து விற்கும் பிரதிகள். ஏ2 தாள் அளவில் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 4961 × 7016 பிக்சல் வேண்டும். வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படம் இதற்கு உதவாது. வார்னிஷ் அடிக்குமுன் படம் எடு, அடித்தபின் ஒளி தெறிக்கும். இரண்டு விளக்கை இரு பக்கமும் 45 பாகையில் வை. பிக்மென்ட் மை (நிறமித் துகள் கலந்தது), அமிலமில்லாத பருத்தித் தாள் என்று கேட்டு வாங்கு. கரைந்த சாயத்தாலான டை மை சீக்கிரம் வெளிறும். முழுத் தாளும் அடிக்குமுன் ஒரு கீற்று அடித்துப் பார். திரையில் பளிச்சென்று தெரிகிற சிவப்பு தாளில் மங்கும்.

இங்கே கடைக்கு அனுப்புவதானால், படத்துக்குச் சட்டகம் போடுகிறவரிடம் கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே மவுண்ட் அட்டை (இடைவெளி விடும் தடித்த அட்டை) வைக்கச் சொல். டர்பன் ஈரக்காற்றில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் சாயமும் உரிந்து வரும்.

பிரதியின் எண்ணை இடக்கீழே பென்சிலால் போடு: 3/25, அதாவது 25 பிரதிகளில் மூன்றாவது. கையெழுத்து வலப்பக்கம். 25 என்று எழுதிவிட்டு 26-ஆவதை அடிக்காதே. அளவை மாற்றி இன்னொரு 25 அடிப்பதும் வாங்கினவர் கண்ணுக்கு ஏமாற்றுதான். எல்லா அளவும் சேர்த்து எத்தனை என்று பிரதியோடு கொடுக்கும் சான்றிதழில் முதலிலேயே எழுதிவிடு.

விலையும் சும்மா வைக்காதே. அச்சுக்கு 400 ராண்ட், தாளைச் சுருட்டி வைக்கும் குழாயும் கட்டும் 80 என்று வை. 900-க்கு விற்று, கடைக்காரர் 40 சதவீதம் பிடித்தால் உன் கையில் 540. மிச்சம் 60 ராண்ட், அதில்தான் உன் உழைப்பு முழுவதும். கடையில் ஒரு விலை, உன்னிடம் வேறு விலை என்றும் வைக்காதே. கடைக்காரர் அடுத்த முறை உன் படத்தை வாங்கமாட்டார்.

சந்தைப் படத்தை எடுக்க அவர் சனிக்கிழமை வருகிறார் என்றாயே, வெள்ளிக்குள் நல்ல கேமராவில் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்துவை. உரிமை உன்னுடையதுதான். ஆனால் படம் ஒருமுறை அவர் வீட்டுச் சுவருக்குப் போய்விட்டால், நீ கேமராவோடு போய் நின்றாலும் கதவைத் திறப்பதும் திறக்காததும் அவர் இஷ்டம்.

அன்புடன்,
அம்மா